ருசியை எழுது

கோர்ட் வராந்தா
4.3.2024

டேய் பிராங்கி,

உடம்பு எப்படிக் கீது? எனக்கு ஒண்ணும் இல்ல. காலைல உன் அண்ணி ஜானட் ஊட்டி வுட்ட ரெண்டு இட்லி இன்னும் தொண்டையிலயே நிக்குது, அவ்ளோதான்.

ரெண்டு வருஷம் போட்டுட்டாங்க. வேன் வர்றதுக்குள்ள இந்தச் சீட்டை எழுதி ஜானட் கையில குடுத்துட்டுப் போறேன். அவ போட்டோ புட்ச்சு உனக்கு அனுப்புவா. படிச்சுட்டு அழிச்சுடு. எல்லாம் தெரிஞ்சவ ஜானட் ஒருத்திதான். அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்.

நல்லாக் கேட்டுக்க. குட்டியானையை ஓட்டினது நான். நீ வண்டியிலயே இல்ல. போகி அன்னிக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட இன்னா சொன்னேனோ அதையேதான் இன்னிக்கு ஜட்ஜ்கிட்டயும் சொன்னேன். ஜாமீன்ல வெளிய இருந்த ரெண்டு வருஷமும் நாம அத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. இனிமேயும் பேச வேணாம். லைசன்ஸ் இல்லாம நீ ஓட்டினது, கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டணும்னு ராங் சைடுல ஏத்தினது, அந்தப் பால்கார அண்ணாச்சி செத்தது, எல்லாம் நம்ம மூணு பேரோட போவட்டும். வெளிய வந்தா உன் கப்பல் வேலையும் போச்சு, நான் உள்ள போனதும் வேஸ்ட்டு.

புழல் ஜெயில்ல வர்ற லெட்டர், போற லெட்டர் எல்லாத்தையும் ஆபீஸ்ல படிச்சுட்டு சீல் குத்தித்தான் குடுப்பாங்களாம். அதனால மன்னிப்பு கின்னிப்புன்னு ஒரு வரி எழுதக் கூடாது. உனக்குக் கை நிக்காது, எனக்குத் தெரியும். அதனால ஒரு வேலை குடுக்கறேன். ஊர் ஊரா போற இல்ல? ஒவ்வொரு ஊர்லயும் பால் எப்படிக் கீதுன்னு எழுது. எனக்குப் பால்னா உசுருன்னு காசிமேட்டுக்கே தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

வேன் வந்துடுச்சு.

உன் அண்ணன்
அலெக்ஸாண்டர்

*

சிங்கப்பூர், நங்கூரத்தில்
6.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிராங்கிளின் எழுதுகிறேன். எடை அறுபத்தெட்டு. காய்ச்சல் இல்லை. முதுகு முழுக்க வேர்க்குரு, இன்ஜின் ரூமில் நாற்பத்தைந்து டிகிரி. என் உடம்பு அவ்வளவுதான். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று சுற்றி வளைக்காமல் எழுது.

கடிதம் இப்படித்தான் வரும்: கையால் எழுதி போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்புவேன். அவங்க ராயப்பர் கோயில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு தபாலில் சேர்ப்பாங்க. உன் பதிலையும் அதே மாதிரி எனக்கு அனுப்புவாங்க. நடுவில் இதைப் படிக்கிற ஆபீஸ் சாருக்கு வணக்கம்.

உலகத்தில் எழுத வேறு எதுவுமே கிடைக்கவில்லையா உனக்கு? பாலைத்தான் கேட்கணுமா? சரி, கேட்டுட்ட. எழுதுகிறேன்.

இங்கே பால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ரெண்டு வகை. ஒன்று, எழுபத்திரண்டு டிகிரியில் பதினைந்து செகண்ட் காய்ச்சி, குளிரில் வைப்பது. இன்னொன்று, நூற்று முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் சில செகண்ட் காய்ச்சி, காற்றுப் புகாத காகிதப் பெட்டியில் அடைப்பது. பிரிக்காமல் வைத்தால் ஆறு மாசம் கெடாது. ஃப்ரிட்ஜ் தேவையில்லை. கொழுப்பு 3.5, புரதம் 3.2. எங்கள் கப்பலில் டீக்கு இந்தப் பெட்டிதான். நீலப் பெட்டி.

வேறு செய்தி இல்லை. கப்பல் நாளைக்குக் கிளம்புகிறது. எங்கே சரக்கோ அங்கே போவோம்.

தம்பி
பிராங்கிளின்

*

புழல்
11.5.2024

அன்புத் தம்பிக்கு,

நான் சொகமா கீறேன். வேர்க்குருக்கு நுங்கு தடவு, கப்பல்ல நுங்கு கீதா? இல்லாட்டி சும்மா இரு, தானா போவும். ஆபீஸ் சார் உன் வணக்கத்துக்குப் பதில் சொல்லல. சீல் மட்டும் நச்சுன்னு குத்தி கீறாரு.

இன்னாடா எழுதி கீற? 3.5, 3.2ன்னு? நான் பால் கேட்டா நீ ரேஷன் கார்டு நம்பர் குடுக்கற. எங்க பிளாக்ல மொஹ்சின்னு ஒரு தோஸ்து, அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். "உன் தம்பி பாலைக் குடிச்சானா, இல்ல டேங்க்ல ஊத்தி லீக் பாத்தானா?"ன்னு கேக்கறான். பிளாக்கே சிரிக்குது.

இங்க பால் டீயில கீது. தனியா வேணும்னா ஒடம்பு முடியாதவனா இருக்கணும். எனக்குத்தான் ஒடம்பு கல்லு மாதிரி கீதே, இன்னா பண்றது. வெளிய இருந்தப்போ எல்லாரும் சுக்கு காபி குடிச்சுட்டு மீன் ஏலத்துக்கு வருவானுங்க, நான் ஒரு சொம்பு பாலைக் குடிச்சுட்டுப் போவேன். "பால் மாமு வண்ட்டான், வஞ்சிரத்தை எட்த்து வெய்"ம்பானுங்க. சின்ன வயசுல பாலாடை யாருக்குன்னு நம்ம ரெண்டு பேரும் அடிச்சுக்குவோமே. நான் ஊதி ஆற வெப்பேன், நீ கைய வுட்டு எட்த்துப் போட்டுப்ப. வாய் வெந்தாலும் வுட மாட்ட. உனக்கு ஆறவே பொறுக்காது.

ருசியை எழுதுடா. நாக்குல இன்னா ஆச்சு, தொண்டையில எப்படி எறங்குச்சு, அத்த எழுது. அதான் எனக்கு வேணும்.

மாதா துணை.

அலெக்ஸ்

*

மொம்பாசா
22.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எடை அறுபத்தேழு. வேர்க்குரு போய்விட்டது, நுங்கு இல்லாமலேயே. உனக்குப் பல்வலி என்று அண்ணி சொன்னாங்க. டாக்டரிடம் காட்டு, கிராம்பு வைத்துக்கொண்டு ஒப்பேற்றாதே.

முதலில் ஒரு தொழில் விஷயம். கப்பலில் என் பொறுப்பில் இருக்கிற மெஷின் பியூரிஃபையர். எண்ணெயை நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, தண்ணியையும் அழுக்கையும் பிரித்துத் தள்ளும். இந்த மாதிரி மெஷினை முதலில் செய்தது எண்ணெய்க்காக இல்லையாம், பாலிலிருந்து கிரீம் பிரிக்கத்தானாம். இதை சீஃப் இன்ஜினியர் போன வாரம் சொன்னார். தினமும் நான் கழற்றிக் கழுவுகிற மெஷின் அதுதான். நீ கேட்காவிட்டாலும் பால் என்னை விடுகிற மாதிரி இல்லை.

இங்கே ஒட்டகப் பால். சந்தையில் மஞ்சள் கேன்களை வரிசையாக வைத்துக்கொண்டு பெண்கள் விற்கிறாங்க. கேனை சும்மா கழுவுவதில்லை. ஒரு வகைக் கட்டையைக் கொளுத்தி, அந்தப் புகையை உள்ளே அடைத்துப் பிறகுதான் பாலை ஊற்றுவாங்க. சீக்கிரம் கெடாமல் இருக்க. ஆக, பால் முழுக்கப் புகை வாசனை.

ஒரு டம்ளர் நீட்டினாங்க. மூக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

பாலும் புகையும் ஒரே இடத்தில் இருந்தன. இதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

தம்பி
பிராங்கிளின்

*

புழல்
30.7.2024

தம்பி,

பல்லைப் புடுங்கிட்டாங்க. இப்ப சொகம். எடை கொறையுதுன்னு எழுதற, சாப்டு.

நீ அந்த ஒட்டகப் பாலைக் குடிக்கல. சிங்கப்பூர்லயும் குடிக்கல. டப்பா மேல இன்னா எழுதி கீதோ அத்தப் பாத்து எழுதற. கப்பல் ஏறுறதுக்கு முன்னால வூட்ல ஒம்போது நாள் வரக்காபி குடிச்சுக்கினு இருந்தியே, அம்மா கூட கேட்டாங்க, "இன்னாடா, பால் புடிக்காம பூட்ச்சா"ன்னு. ரெண்டரை வருஷமா ஒரு சொட்டு உள்ள போவல, சரிதான?

எனக்காக ஒரே ஒரு வாட்டி குடி. நான் குடிக்க முடியாத எடத்துல கீறேன். நீ குடிக்க முடிஞ்ச எடத்துல கீற. அவ்ளோதான் கேக்கறேன்.

அலெக்ஸ்

*

இம்மிங்ஹாம், இங்கிலாந்து
12.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எடை அறுபத்தைந்து. மற்றபடி நலம். உன் கடிதத்துக்கு ஒன்றரை மாசமாகப் பதில் எழுதவில்லை. வேலை. நீ நலமா?

இங்கே பால் பிளாஸ்டிக் கேனில், மூடியின் நிறத்தை வைத்து வாங்கணும். நீல மூடி முழுக் கொழுப்பு, பச்சை பாதி, சிவப்பு சுத்தமாகக் கொழுப்பு இல்லாதது. நம்ம ஊரில் நீல பாக்கெட் தண்ணிப் பால், ஆரஞ்சுதான் கெட்டி. இங்கே எல்லாம் தலைகீழ். நிறத்துக்கு உலகம் முழுக்க ஒரே விதி வைத்திருந்தால் எவ்வளவு வசதி.

நீல மூடி வாங்கினேன். குடித்தேன். நன்றாக இருந்தது.

போதுமா?

பிராங்கிளின்

*

ராயபுரம்
5.10.2024

அன்புள்ள தம்பி பிராங்கிளினுக்கு,

நானும் அத்தையும் சொகம். அத்தைக்கு சர்க்கரை கொறஞ்சு கீது, மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கறாங்க. நீ நல்லா கீறியா? இத்த நான் போன்ல அனுப்பல. உங்க கம்பெனி ஆபீஸ்ல குட்த்து, புதுசா ஏற வர்றவங்க கையில குட்த்து அனுப்பச் சொல்லி கீறேன். போன்ல எழுத ஆரம்பிச்சா பாதியில திட்டிடுவேன்.

நேத்து நம்ம வூட்டுக்கு செல்லக்கனி அக்கா வந்தாங்க. யாருன்னு தெரியுதா? பால்கார சண்முகவேல் அண்ணாச்சியோட சம்சாரம். கோர்ட்ல ஒரு மூலையில நிப்பாங்களே, அவங்கதான். இப்ப திருவொற்றியூர் தேரடிகிட்ட கடையை அவங்கதான் பாத்துக்கறாங்க. விடியக்காலம் அண்ணாச்சி ஓட்டின அதே டிவிஎஸ் மொபெட்ல அவங்களே பால் பாக்கெட் போடறாங்க.

சண்டைக்குன்னு நெனச்சேன். சண்டை இல்ல. தமீம்னு ஒரு லாரி டிரைவர், அன்னிக்கு அந்த கன்டெய்னர் வரிசையில நின்னவரு, போன மாசம் அவங்க கடைக்கு டீத்தூள் வாங்க வந்து கீறாரு. பேச்சுவாக்குல சொல்லிட்டாரு. போகி புகையில மூஞ்சி தெரியலையாம், ஆனா யாரோ ஒருத்தன் ரோட்ல உக்காந்து அண்ணாச்சி தலையை மடியில வெச்சுக்கினு, ஒரு பாக்கெட்டைப் பல்லால கடிச்சு அவர் வாயில பால் ஊத்தினானாம். கோர்ட்ல யாரும் இத்தக் கேக்கவே இல்ல.

அக்கா சொன்னாங்க: "கடைசிப் பாலு பெத்தவ ஊத்தணும், பிள்ளை ஊத்தணும், இல்ல கட்டுனவ ஊத்தணும். எங்க வீட்டுக்காரகளுக்கு இடிச்ச கையே ஊத்திருக்கு. ஊத்துன கைக்குக் கடமை இருக்குல்லாம்மா? அவுக கடைசியா என்ன பேசுனாகன்னு எனக்குச் சொல்லணும். உங்க வீட்டுக்காரரைப் பாக்கப் போறேன். கோவமில்ல. அது ஒண்ணுதான் வேணும்."

நான் டீ போட்டுக் குட்த்தேன். குடிச்சாங்க.

உங்கண்ணன் அப்போ ஆட்டோ தேடி ஓடிக்கினு இருந்தாரு. அண்ணாச்சி பக்கத்துல உக்காந்து இருந்தது யாருன்னு நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். அந்தப் பொம்பள தப்பான ஆளுகிட்ட போயி கேக்கப் போறாங்க. அவரு இன்னா பதில் சொல்லுவாரு? பழியை வாங்கிக்கினாரு, சரி. காதுல கேக்காத பேச்சை எங்க போயி வாங்குவாரு?

நேரத்துக்கு சாப்டு. ஆண்டவர் காப்பாத்தட்டும்.

ஜானட் அண்ணி

*

புழல்
25.10.2024

தம்பிக்கு,

நான் சொகம். நீயும் அப்படியே இருக்கணும்.

நீல மூடி பாலு "நன்றாக இருந்தது"ன்னு எழுதி கீற. பொய் சொல்லவும் தெரியல உனக்கு.

திருவொற்றியூர்லேந்து செல்லக்கனி அம்மா மனு போட்டு என்னைப் பாக்க வந்தாங்க. ரெண்டே கேள்வி. "நீங்கதான் பால் குடுத்தீகளா?" ஆமான்னு தலையாட்டினேன். "அவுக என்ன சொன்னாக?" "யோசிச்சு சொல்றேம்மா"ன்னேன். "ரெண்டே முக்கால் வருசமா யோசிக்கலையா தம்பி?"ன்னாங்க. டைம் முடிஞ்சுதுன்னு மணி அடிச்சாங்க. அடுத்த மாசம் வர்றேன்னுட்டுப் போய் கீறாங்க.

இப்ப உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். நான் ஜாமீன்ல வூட்டுக்கு வந்த அன்னிக்கு, நடந்தது எல்லாத்தையும் உன்கிட்ட சொன்னேன் இல்ல? அண்ணாச்சி இன்னா பேசினாருன்னும் சொல்லியிருப்பேன். எனக்கு மறந்து போச்சு. நான் உன்கிட்ட இன்னா சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். அத்த மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

பால் வேணாம். அந்த ஒரு வரி போதும்.

அலெக்ஸ்

*

மான்ட்ரியல், கனடா
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எடை அறுபத்திரண்டு. தூக்கம் குறைவு. சென்னையில் விடியற்காலை நாலு நாற்பது ஆகும்போது, கப்பல் எந்த நாட்டில் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. கடிகாரத்தை முன்னால் நகர்த்தினாலும் பின்னால் நகர்த்தினாலும் அது மட்டும் நகரவில்லை. இங்கே அது முந்தின நாள் சாயங்காலம் ஆறு பத்து.

நீ கேட்டதற்கு: நீ என்னிடம் எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இங்கே பால் பாக்கெட்டில் வருகிறது. ஆமாம், நம்ம ஊர் மாதிரியே. ஒரு பெரிய பையில் மூணு பாக்கெட், மொத்தம் நாலு லிட்டர். பாக்கெட்டை அப்படியே ஒரு ஜாடிக்குள் நிறுத்தி, மூலையை மட்டும் வெட்டி ஊற்றுவாங்க. வெட்டுவதற்கென்றே விரல் அளவுக்கு ஒரு கத்தி விற்கிறான். பல் வேண்டியதில்லை.

மாலுமிகள் கிளப்பில் ஒரு அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தாங்க. ஜாடியையும் அந்தக் குட்டிக் கத்தியையும் என் பக்கம் தள்ளி, வெட்டிக் கொடு என்று சைகை காட்டினாங்க. சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. கத்தியை எடுத்தேன். கை வேலை செய்யவில்லை. மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று நான் கண்டுபிடித்துவிடுவேன், இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அம்மா கத்தியை வாங்கி, தானே வெட்டிக்கொண்டாங்க. பால் சின்னதாக ஒரு பீய்ச்சு பீய்ச்சியது, மேஜையில் நாலு சொட்டு. நான் வெளியே போய் பனியில் வாந்தி எடுத்தேன்.

இந்தத் தகவல் உனக்குத் தேவையில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை.

பிராங்கிளின்

*

புழல்
20.12.2024

பிராங்கி,

அறுபத்திரண்டா? அம்மா பாத்தா அழுவாங்க.

அந்தம்மா மறுபடி வந்தாங்க. உன் பதிலு வந்த மூணாம் நாளு. வேற வழி இல்ல, ஒரு பொய்யைச் சொன்னேன். "உங்க பேரைத்தாம்மா சொன்னாரு. செல்லக்கனி, செல்லக்கனின்னு ரெண்டு வாட்டி"ன்னேன். சொகமா போவட்டும்னுதான் சொன்னேன்.

என்னையே பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "அவுக ஒரு நாளும் என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல தம்பி. ஏட்டிம்பாக. கலியாணத்தன்னைக்கே ஏட்டிதான்."

திட்டியிருந்தா நல்லா இருந்துருக்கும். எழுந்துட்டாங்க. போறப்ப திரும்பி ஒண்ணு கேட்டாங்க. "லைன் முடிஞ்சு கடைசியா வீட்டுக்குன்னு ஒரு ஆரஞ்சு பாக்கெட் கொண்டாருவாக. கைப்பிள்ளை இருந்துச்சு, கெட்டிப் பாலு வேணும். போலீஸு திருப்பிக் குடுத்த பெட்டியில நீலமும் பச்சையுந்தான் இருந்துச்சு. ஆரஞ்சு எங்க?"

"விசாரிச்சு சொல்றேம்மா"ன்னு கும்புட்டேன்.

காலைல டீக்கு வரிசையில நிக்கறப்போ எனக்குப் பின்னால டிவிஎஸ் சத்தம் கேக்குதுடா. திரும்பினா மொஹ்சின் நிக்கறான். "இன்னா மாமு, பேயைப் பாத்தா மாதிரி பாக்கற"ங்கறான். உள்ள வந்து உக்காந்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆனா அண்ணாச்சி வந்து என்னைத்தான் பாக்கறாரு. அவருக்கே ஆளு மாறிப்போச்சு.

இனிமே பாலைப் பத்தி எழுதாத. ருசியைக் கேட்டது என் தப்பு.

ஒடம்பைப் பாத்துக்க.

அலெக்ஸ்

*

திருவொற்றியூர்
13.1.2025, போகி

அண்ணா,

எடை அறுபத்தொன்று. அம்மா பார்த்தாங்க, நீ சொன்ன மாதிரியே அழுதாங்க. நீ நல்லா இருக்கணும். இதைப் படித்த பிறகும்.

கப்பலை விட்டு இறங்கி அஞ்சு நாள் ஆகிறது. உன்னைப் பார்க்க மனு போடவில்லை. நேரில் பார்த்தால் நீ என் வாயை அடைத்துவிடுவாய். எழுதினால் அடைக்க முடியாது, ஏனென்றால் இதை உனக்கு முன்னால் இன்னொருவர் படிப்பார். ஆபீஸ் சார், இந்தக் கடிதம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னால் இதே போகி அன்று, விடியற்காலை நாலு நாற்பதுக்கு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் அந்தக் குட்டியானையை ஓட்டியது நான். எல். பிராங்கிளின். என்னிடம் லைசன்ஸ் கிடையாது. எண்ணூரில் ஐஸ் பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் பக்கத்து சீட்டில் இருந்தான். "லாரி நகரட்டும்டா, இன்னா அவசரம்" என்றான். எனக்குக் காத்திருக்க வராது. டயர் எரித்த புகை ரோட்டை மூடியிருந்தது. எதிர்ப் பக்கத்தில் ஏற்றினேன். சண்முகவேல் அண்ணாச்சி சரியான பக்கத்தில்தான் வந்தார்.

அண்ணன் ஆட்டோ பிடிக்க ஓடினான். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணி கேட்டார். தண்ணி இல்லை. பாக்கெட்டுகள் ரோடெல்லாம் கிடந்தன. கைக்கு முதலில் வந்ததை எடுத்தேன். ஆரஞ்சு. அவர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். தெளிவாகப் பேசினார். "ஆரஞ்சு வேண்டாம் தம்பி. அது வீட்டுக்கு. நீலத்தைக் கிழிங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மூலையைக் கடித்துவிட்டேன். அவ்வளவுதான் அவர் பேசினது. பிறகு ரெண்டு மடக்கு குடித்தார். மூணாவது உள்ளே போகவில்லை.

அண்ணன் திரும்பி வந்து அவர் கண்ணை மூடினான். என் சட்டையைப் பார்த்தான். "நீ ஓடுடா, உனக்குக் கப்பல் கீது" என்றான். நான் ஓடினேன்.

இன்று காலையில் செல்லக்கனி அக்கா கடைக்குப் போனேன். லைன் முடித்து வந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாங்க. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டாங்க.

"நீலத்தைக் கிழிங்கன்னாகளா?"

"ஆமாக்கா."

"வேற?"

"அது வீட்டுக்குன்னார். வேறு ஒண்ணும் இல்லை."

மீந்த பாக்கெட்டுகளை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாங்க. "அப்பம் வீட்டு நெனப்பாத்தான் இருந்திருக்காக" என்று அந்த பாக்கெட்டுகளிடம் சொன்ன மாதிரி சொன்னாங்க. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

"சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாம்லா தம்பி? அன்னைக்கு எம்பிள்ளைக்குப் பால் இல்ல."

"அவசரத்துல..." என்றேன்.

"ஆமா" என்றாங்க. "அவசரந்தான்."

பின்னால் ஒருவர் தயிருக்காக நின்றுகொண்டிருந்தார். "தள்ளி நில்லுங்க, ஏவாரத்தைப் பாக்கணும்" என்றாங்க. தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இதைத் தேரடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடப்பேன். நீ பொய் சொன்னதற்கு உன் மேல் இன்னொரு கேஸ் வரலாம் என்கிறார் வக்கீல் எபினேசர். அதற்கும் காரணம் நான்தான். கப்பல் வேலை போகும். உன் பத்து மாசத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. திட்டு. புழலில் விசாரணைக் கைதிகளுக்கு வேறு கட்டடமாமே, உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம். என்னை அங்கே அனுப்பினால் திட்டுவது காதில் விழும். ஜாமீன் உண்டு, உடனே எடுத்துவிடலாம் என்றும் வக்கீல் சொன்னார். மெதுவாகப் பார்க்கலாம் என்றேன்.

சார், சிங்கப்பூரிலும் மொம்பாசாவிலும் இங்கிலாந்திலும் நான் பால் குடிக்கவில்லை. பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்து எழுதினேன். நீங்கள் படித்து சீல் குத்திய கடிதத்தில் குடித்தேன் என்றது பொய். திருத்திக்கொள்ளுங்கள்.

அண்ணா, நீ விடாமல் கேட்டாயே, ருசியை எழுது என்று. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பால்தான். பாக்கெட்டைக் கடித்தபோது முதல் பீய்ச்சு என் வாய்க்குள்தான் போனது. அவருக்குப் போக வேண்டிய முதல் வாய். துப்பத் தோன்றவில்லை. விழுங்கிவிட்டேன். குளிர் விட்டுப்போன பால், கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் புகை. நல்ல கெட்டி.

இனிப்பாக இருந்தது அண்ணா.

உன் தம்பி
பிராங்கிளின்